சட்டம் முடித்ததும் சொந்தமாக வக்கீல் தொழில்: தமிழ்நாட்டில் முதல் வருடத்தை நடத்துவது எப்படி

புதிதாக ஆபீஸ் போட்ட வக்கீல்கள் பெரும்பாலும் பயப்படுவது கேஸ் வருமா என்பதைப் பற்றித்தான். கேஸ் எப்படியோ வந்துவிடும். தொழிலைக் கெடுப்பது வேறு மூன்று விஷயங்கள்: தவறிய தேதி, கலந்துபோன பணம், எழுத்தில் இல்லாத பேச்சு. இந்த வழிகாட்டி அந்த மூன்றைச் சுற்றியே போகிறது. மற்றவற்றைத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறது.

பதிவும் தகுதித் தேர்வும்

பட்டம் வாங்கினால் மட்டும் வக்கீல் ஆகிவிட முடியாது. தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆவது பிரிவுப்படி பதிவுக் கட்டணம் மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், அகில இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கு 100 ரூபாயும் 25 ரூபாயும். முத்திரைக் கட்டணம் இருந்தால் அது தனி. வேறு பெயர்களில் ஆயிரக்கணக்கில் வசூலிப்பது செல்லாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே பழைய சீனியர்கள் சொல்லும் தொகையைக் கேட்டு மலைக்க வேண்டாம்.

விண்ணப்பத்தில் உங்கள் மீது குற்ற வழக்கு ஏதும் உண்டா என்று கேட்டிருப்பார்கள். கல்லூரிக் காலத்து மறியல் வழக்காக இருந்தாலும் எழுதிவிடுங்கள். போலீஸ் சரிபார்ப்பில் அது எப்படியும் வெளியே வரும். மறைத்துப் பதிவு பெற்றது தெரிந்தால், எத்தனை வருடம் கழித்தாயினும் பெயரை நீக்க முடியும்.

அடுத்தது அகில இந்திய பார் தேர்வு. பதிவான நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தேற வேண்டும். அதுவரை தற்காலிகப் பதிவில் கோர்ட்டுக்குப் போகலாம். 100 கேள்விகள், மூன்றரை மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம் தேவை. குறிப்பு எழுதாத பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள) புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம். தோற்பவர்களில் பலர், புத்தகம்தான் கையில் இருக்கிறதே என்று படிக்காமல் போகிறவர்கள். எந்தப் பிரிவு எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் போதாது. நிறைவு செமஸ்டரிலேயே எழுத இப்போது அனுமதி உண்டு என்பதால் தள்ளிப்போடக் காரணமே இல்லை.

கம்பெனியில் முழுநேரச் சம்பளத்தில் இருந்துகொண்டு வக்காலத்து (கட்சிக்காரர் சார்பில் ஆஜராக அவர் தரும் அதிகாரப் பத்திரம்) போட முடியாது. வேலையை விட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு வேலைக்குப் போவதானால் பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துப் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும்.

சீனியரிடமா, நேராகச் சொந்தமாகவா?

சட்டப்படி ஒரு நாள்கூட ஜூனியராக இருக்கத் தேவையில்லை. ஆனாலும் குறைந்தது ஒன்றரை வருடமாவது ஒரு மாவட்ட அல்லது தாலுகா கோர்ட் சீனியரிடம் இருப்பது நல்லது. குறை சொல்லிக் கோர்ட் ரிட்டர்ன் செய்த வழக்குக் கட்டை எப்படித் திருத்துவது, நகல் மனு எந்த சீட்டில் கொடுப்பது, சாட்சியிடம் எந்தக் கேள்வியோடு நிறுத்துவது என்பதெல்லாம் புத்தகத்தில் கிடையாது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. எல்லா ஆபீசிலும் அது கைக்கு வருகிறது என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம். சேரும் முன்பே தொகையைக் கேட்டுவிடுங்கள்.

சீனியரை விட்டு வரும்போது அவருடைய கட்சிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். ஏற்கெனவே ஒருவர் வக்காலத்து போட்ட வழக்கில் அவர் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் ஆஜராவது நடத்தை விதிக்கு விரோதம். அதோடு, அதே பார் அசோசியேஷனில் முப்பது வருடம் அவரைப் பார்த்தாக வேண்டும்.

நீதிபதித் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. சிவில் நீதிபதி பதவிக்கு 3 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20இல் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அது கணக்காகும். ஆஜரான வழக்குகளின் எண்ணையும் தேதியையும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

இடமும் சாமானும்

ஒரே ஒரு கோர்ட் வளாகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு தாலுகாவில் காலை பத்தரைக்கு அழைப்பு இருந்தால் ஒன்றில் நிச்சயம் கோட்டை விடுவீர்கள். ஆபீஸ் கோர்ட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தால் போதும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாடகை பகிரலாம், ஆனால் ஆளுக்கொரு பூட்டு வைத்த அலமாரி கட்டாயம். ஒரே அறையில் இருப்பவர்கள் ஒரே வழக்கில் எதிரெதிர்த் தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பதையும் முதலிலேயே பேசி வையுங்கள். ஆறு மாத வாடகையும் வீட்டுச் செலவும் கையில் இல்லாமல் ஆபீஸ் திறக்க வேண்டாம்.

சாமான் என்று பார்த்தால் லேசர் பிரிண்டர், தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர், தமிழ் யூனிகோடு தட்டச்சு, மின் தடையைத் தாங்கும் பேட்டரி. இ-ஃபைலிங் கணக்கை உங்கள் எம்.எஸ். பதிவு எண்ணோடு தொடங்கி, டிஜிட்டல் கையொப்பத்தையோ ஆதார் வழிக் கையொப்பத்தையோ முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். காலக்கெடு முடியும் நாள் மாலையில்தான் ஓ.டி.பி. வராது.

புத்தகத்துக்குக் கடன் வாங்க வேண்டாம். சட்டங்கள் இந்தியா கோட் தளத்திலும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்.சி.ஆர். தளத்திலும் இலவசம். உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள், காலவரையறைச் சட்டம், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் ஆகியவை அச்சில் மேசையில் இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவு கொடுக்கும் தீர்ப்பு மேற்கோளை, மூலத் தீர்ப்பைத் திறந்து பார்க்காமல் மனுவில் எழுதாதீர்கள். இல்லாத தீர்ப்பைக் காட்டி மாட்டிக்கொண்டால் அந்த நீதிபதி முன்பு பிறகு எதைச் சொன்னாலும் எடுபடாது.

போர்டு விஷயத்தில் பார் கவுன்சிலின் 36ஆவது விதி கடுமையானது. அளவான பலகையில் பெயரும் பட்டமும் போடலாம். சங்க நிர்வாகி என்றோ, 'விவாகரத்து வழக்குகளில் நிபுணர்' என்றோ போடக் கூடாது. சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு விவரம், கல்வித் தகுதி, எந்தத் துறை வழக்குகள் என்பவற்றைத் தரலாம். ரேட்டிங், சலுகை, 'முதல் ஆலோசனை இலவசம்' என்ற ரீல்ஸ் எல்லாம் விதிமீறல். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இணையத்தில் வக்கீல் சேவையைக் கடைச்சரக்குபோல விற்பதற்கு எதிராக நடவடிக்கை எடுக்க பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

முதல் கட்சிக்காரர் வந்ததும்

அவர் கதையை முழுதாகக் கேட்கும் முன் இரண்டு கேள்வி. எதிர்த்தரப்பு யார்? இதற்கு முன் வேறு வக்கீல் பார்த்தாரா? முதலாவது, உங்களுக்கு வேண்டிய ஆளோ ஏற்கெனவே உங்களிடம் வந்தவரோ எதிரில் இருக்கிறாரா என்று பார்க்க. இரண்டாவது, வக்காலத்து மாற்றம் தேவையா என்று தெரிய. ஜாமீன் மனுவானால் முன்பு போட்ட மனுக்கள், அவற்றின் முடிவு எல்லாவற்றையும் மனுவில் சொல்லியாக வேண்டும். 'தெரியாது சார், மச்சான்தான் பார்த்தான்' என்று குடும்பத்தார் சொன்னால், வழக்கு விவரத்தை இணையத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

வந்த அன்றே தேதிவாரியாக ஒரு பக்கக் குறிப்பு எழுதி, படித்துக் காட்டி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிற்பாடு 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்ற பேச்சு வராது. அசல் ஆவணங்களை வாங்கினால் பட்டியல் போட்டு ரசீது கொடுங்கள். முடிந்தவரை அசலை வாங்காமல், தாக்கலுக்கு முந்தின நாள் கொண்டுவரச் சொல்வதே மேல்.

வக்காலத்தில் தவறு நடப்பது சின்ன விஷயங்களில். கூட்டுச் சொத்து வழக்கில் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், அண்ணன் ஒருவர் போதாது. கம்பெனியானால் இயக்குநர் குழுத் தீர்மான நகல், பவர் ஏஜென்டானால் பவர் பத்திர நகல், சிறையில் இருப்பவரானால் சிறை அதிகாரியின் சான்றொப்பம். கைநாட்டு வைப்பவருக்கு விஷயத்தைத் தமிழில் படித்துச் சொன்னதாக எழுதுங்கள். வக்கீல் நல நிதி முத்திரையும் கோர்ட் கட்டண வில்லையும் ஒட்டி, ஏற்றுக்கொண்ட தேதியோடு நீங்களும் கையெழுத்திட வேண்டும். வெற்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கி அடுக்கி வைக்கும் பழக்கம் சில ஆபீசில் உண்டு. அதைப் பழகாதீர்கள். கட்சிக்காரருக்கே தெரியாத சமரசம் பதிவானது என்ற புகார் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

டைரி

முதல் வருடத்தில் மற்ற எதையும்விட அதிக கவனம் இதற்குத் தேவை. காகித டைரி ஒன்று, போன் காலண்டர் ஒன்று. ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட், எண், தரப்பினர், சென்ற வாய்தா, எந்தக் கட்டம், அடுத்த வாய்தா. அடுத்த தேதியைக் கோர்ட் ஹாலை விட்டு வெளியே வரும் முன்பே எழுதுங்கள். அன்று மாலை இ-கோர்ட்ஸ் செயலியில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டு ஒப்பிடுங்கள். செயலியை மட்டும் நம்பியிருக்க முடியாது, பதிவேற்றம் தாமதமாகும், சில சமயம் தவறாகவும் இருக்கும். முரண்பட்டால் மறுநாள் காலை பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வாய்தா தேதியை மட்டும் எழுதினால் பாதி வேலைதான். அதற்கு 7 நாள் முன்னால், செய்ய வேண்டியதை எழுதுங்கள்: பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்ட, எதிருரை (பிரதிவாதியின் பதில்) தாக்கல் செய்ய, நிரூபண வாக்குமூலம் தயார் செய்ய, சாட்சிக்குச் சொல்ல. சிவப்பு மையில் காலக்கெடுகள் தனியாக இருக்கட்டும். எதிருரை சம்மன் கிடைத்த 30 நாளில், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்ய 30 நாள். ஆஜராகாததால் தள்ளுபடியான வழக்கை மீட்கவும் 30 நாள். முதல் மேல்முறையீடு மாவட்ட அளவில் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நம்மைக் கேட்காமல் உத்தரவிடக் கூடாது என்று முன்கூட்டிப் போடும் கேவியட்டின் ஆயுள் 90 நாள். அரசு மீது வழக்கானால் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவு அறிவிப்புக் கொடுத்து 2 மாதம் காத்திருக்க வேண்டும்.

மேல்முறையீட்டுக்கு, தீர்ப்பு நகல் தயாராக ஆகும் நாட்கள் கணக்கில் சேராது. ஆனால் நகல் மனுவைத் தாமதமாகப் போட்ட நாட்கள் சேரும். எனவே தோற்ற வழக்கில், தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு. கட்சிக்காரர் யோசித்துச் சொல்லட்டும், நகல் மனு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மே மாதம் சிவில் கோர்ட் கோடை விடுமுறை என்றாலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் நடக்கும். இதைத் தெரியாமல் ஊருக்குப் போய் வாரண்ட் ஆக்கிக்கொண்டவர்கள் உண்டு.

ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் கட்சிக்காரருக்கு நாலு வரி வாட்ஸ்அப்: இன்று நடந்தது, அடுத்த தேதி, அவர் வர வேண்டுமா, கொண்டுவர வேண்டியது. அவர் கோர்ட்டுக்கு வராததற்கு உங்கள் மேல் பழி விழாமல் இருக்க இந்த நாலு வரி போதும்.

ஒரு காசோலை வழக்கைத் தேதிவாரியாகப் பார்ப்போம்

புதியவர்களிடம் முதலில் வருவது பெரும்பாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆவது பிரிவு வழக்கு, அதாவது பணமில்லாமல் திரும்பிய காசோலை. பார்க்க எளிது, நாள் கணக்கில் மட்டும் உயிர் இருக்கிறது.

வங்கியின் ரிட்டர்ன் மெமோ ஜூன் 2 அன்று கட்சிக்காரர் கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள், அதாவது ஜூலை 2க்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். காசோலை எழுதியவர் அதை ஜூலை 5இல் பெற்றால் பணம் தர 15 நாள், ஜூலை 20 வரை. அதுவரை புகார் போடக் கூடாது, முன்கூட்டிப் போட்ட புகார் நிற்காது. அதன்பின் ஒரு மாதத்துக்குள் தாக்கல். டைரியில் ஆகஸ்ட் 20 என்று எழுதி, வேலையை ஆகஸ்ட் 5க்குள் முடித்துவிடுங்கள். ரிட்டர்னுக்கும் திருத்தத்துக்கும் இடைவெளி வேண்டும். காசோலையே தேதியிட்ட 3 மாதத்துக்குள் வங்கியில் போடப்பட்டதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்பு பாருங்கள்.

அறிவிப்பில் கேட்கும் தொகை காசோலைத் தொகையேதான். வட்டி, செலவு கேட்பதானால் தனியாகப் பிரித்து எழுதுங்கள். தொகை மாறியிருந்தால் அறிவிப்பே செல்லாது, எழுத்துப் பிழை என்ற சமாதானமும் எடுபடாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய அறிவிப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றும்போதுதான் இந்தப் பிழை நுழையும். பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டதால் ஒப்புகை அட்டை வசதியைக் கேட்டு வாங்குங்கள், சேர்ந்த விவரத்தை உடனே அச்செடுத்துக் கட்டில் வையுங்கள். புகாரைத் தாக்கல் செய்யும் இடம், காசோலையைக் கணக்கில் போட்டிருந்தால் கட்சிக்காரரின் வங்கிக் கிளை இருக்கும் எல்லை. எதிரியின் ஊர் அல்ல.

கட்டு ஏன் திரும்பி வருகிறது

முதல் பத்துப் பிராதில் (வழக்கைத் தொடங்கும் மனு) பாதியாவது ரிட்டர்ன் ஆகும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். வழக்குக்கான காரணம் எழுந்த தேதி இல்லை, மதிப்பீட்டுப் பத்தியில் எந்தப் பிரிவில் கட்டணம் என்று சொல்லவில்லை, சொத்து விவரத்தில் சர்வே எண்ணோ நான்கு எல்லையோ விடுபட்டது, ஆவணப் பட்டியலும் இணைப்பும் ஒத்துப்போகவில்லை, பேட்டா இல்லை. பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 2017 திருத்தத்துக்குப் பின் 3 சதவீதம். 5 லட்சத்துக்கு 15,000 ரூபாய். பழைய ஏழரை சதவீதக் கணக்கை இன்னும் சிலர் சொல்வார்கள்.

ஆடியோ, சி.சி.டி.வி., வாட்ஸ்அப் உரையாடல் தாக்கல் செய்தால் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4) சான்று கூடவே போக வேண்டும். படிவம் இரண்டு பகுதி. ஒன்றில் சாதனத்தை வைத்திருந்தவரும் மற்றதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும், ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) குறிப்பிட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி மாதிரிப் படிவத்தை அச்செடுத்துக் கொடுத்தால் விசாரணையில் எதிர்ப்பு வரும். கட்சிக்காரரிடம் போனை மாற்றவோ செய்திகளை அழிக்கவோ வேண்டாம் என்று முதல் நாளே சொல்லுங்கள்.

ரிட்டர்ன் ஆன கட்டைக் கொடுத்த கெடுவுக்குள் திரும்பத் தாக்கல் செய்யுங்கள். தவறினால் அந்தத் தாமதத்தை மன்னிக்கவே தனி மனு போட வேண்டிவரும்.

பணம்

கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள்: தாக்கல் வரை, விசாரணை, வாதம். செலவு வேறு, கட்டணம் வேறு. இரண்டையும் ஒரு பக்கக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முழுத் தொகையும் பேசி, முன்பணம் மட்டும் வாங்கி, மிச்சம் 'ஜெயிச்சா தரேன்' என்ற பேச்சில் போன வழக்குகளில் மிச்சம் வருவது அபூர்வம். கிடைக்கும் தொகையில் சதவீதம் பேசுவது நடத்தை விதிப்படி தவறு. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் இந்தப் பேச்சு சர்வ சாதாரணம் என்றாலும் தவறு தவறுதான், புகார் போனால் சனதுக்கு (வக்கீல் பதிவுக்கு) ஆபத்து.

கட்சிக்காரரின் கோர்ட் கட்டணத்தை உங்கள் கைக்காசில் கட்டாதீர்கள். வழக்குக்காக அவருக்குக் கடன் கொடுப்பதை விதி தடுக்கிறது, இரக்கத்தில் கொடுத்த பணம் திரும்பியும் வராது. கட்சிக்காரர் பணத்துக்கென்று இரண்டாவது வங்கிக் கணக்கு தொடங்குங்கள். டெபாசிட், ஜாமீன் தொகை, சமரசத் தொகை எல்லாம் அதில்தான். கோர்ட்டிலிருந்து தொகை வந்த அன்றே அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

வரி விஷயம் முதலில் எளிது. தனி வக்கீல், கட்டண பில்லில் ஜி.எஸ்.டி. சேர்க்க வேண்டியதில்லை. கட்சிக்காரர் வணிக நிறுவனமானால் எதிர்முறையில், அதாவது சேவை பெறுபவர் என்ற முறையில், அந்த வரியை அவர்களே கட்டுவார்கள். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை லாபமாகக் காட்டிக் கணக்கை முடிக்கும் வழி உண்டு. கம்பெனிகள் உங்கள் கட்டணத்தில் 10 சதவீதம் வருமான வரியாகப் பிடித்தால் அந்த விவரத்தை ஆண்டு முடிவில் சரிபாருங்கள். ஒரே ஆளிடம் ஒரே நாளிலோ, ஒரே வழக்குக்காகப் பல தவணையிலோ 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது.

வழக்கு வரும் வழிகள்

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் சேர 3 ஆண்டு அனுபவம் வேண்டும். ஆனால் சட்ட உதவிக் குற்றவியல் தரப்பு வக்கீல் அமைப்பில் உதவி வக்கீல் பணிக்கு 3 ஆண்டுக்குள் உள்ளவர்களையே எடுக்கிறார்கள். அதில் இருக்கும் காலத்தில் தனி வழக்கு நடத்த முடியாது, பதிலுக்கு விசாரணைப் பழக்கம் வேகமாக வரும். மற்றபடி வெளியூர் வக்கீல்கள் ஒரு வாய்தாவுக்கு ஆஜராகச் சொல்லிக் கொடுக்கும் வேலையை அலட்சியப்படுத்த வேண்டாம். அன்றே தேதியைத் தவறாமல் சொல்லி அனுப்புகிறவரிடம் அடுத்த கட்டு வரும். புரோக்கர் கொண்டுவரும் வழக்கில் அவர் பங்கு கேட்பார், பிறகு வழக்கையும் அவரே நடத்தப் பார்ப்பார்.

ஏற்கக் கூடாத வழக்கும் உண்டு. காலக்கெடுவுக்கு முந்தின நாள் மாலை வருபவர், மூன்று வக்கீலை மாற்றியவர், அசலைக் காட்டாமல் ஜெராக்ஸை மட்டும் நீட்டிச் சொத்துக் கருத்துரை கேட்பவர். மூன்றாமவருக்கு வில்லங்கச் சான்றும் பட்டாவும் நீங்களே எடுத்துப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதித் தராதீர்கள்.

வழக்கை விட்டு வெளியேறுவது

வக்காலத்து ஒருமுறை தாக்கலானால், கோர்ட் அனுமதி இல்லாமல் உங்கள் பெயர் அதிலிருந்து போகாது. கட்சிக்காரர் போன் எடுக்கவில்லை என்று நீங்களும் போகாமல் இருந்தால் தவறு உங்களுடையது. முதலில் ஒப்புகையோடு அறிவிப்பு, பிறகு விலகுவதற்கான மனு, வேலை முடியாத பங்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவது என்பதுதான் வரிசை. அவரே வேறு வக்கீலிடம் போனால், கட்டண பாக்கி இருந்தாலும் கட்டைப் பிடித்து வைக்க முடியாது. வக்கீலுக்கு அந்த உரிமை கிடையாது என்று 2000இலேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. பாக்கிக்குத் தனியாக வழக்குப் போடலாம். கட்டை எண்ணி, பட்டியலில் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் நகலை வைத்துக்கொண்டு ஒப்படைத்துவிடுங்கள்.